எந்த ஊரு, எந்த ஜனம்?

ஆனேக்கல்லில் வாடகைக்கு வீடு தேடிப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்ற பேச்சு வருவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் வந்துவிடும். "யாவ ஊரு?" என்பது ஒன்று. "யாவ ஜன?" என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு தர்மபுரி, திருவண்ணாமலை, சித்தூர், கோலார் என்று ஒரு பெயரைச் சொல்லி நகர்ந்துவிடலாம். இரண்டாவது சாதியைக் கேட்கிறது. சுற்றி வளைத்துப் பதில் சொன்னாலும் கேட்பவர் விடமாட்டார். இங்கே பல வருஷமாகக் குடியிருக்கிற தமிழன் என்ற முறையில் இந்தக் கேள்விகள் எனக்கு நன்றாகப் பழகிவிட்டன. கேட்கிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். தளி ரோட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "அட, எங்க சம்பந்தி ஊருக்குப் பக்கமாச்சே" என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் பேத்தி கல்யாணத்துக்கே அழைத்துவிட்டார்.

பஸ்ஸில் பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் முன்னால் அப்படித் திரும்ப முடியாது. இனம், மொழி, பிறந்த ஊர் என்று நம்மிடையே நடக்கிற பேச்சை இத்தனை நாள் கவனித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: பேசுகிறவர் ஒருவர், அதற்கு விலை கொடுக்கிறவர் வேறொருவர். ஆனேக்கல் மாதிரியான எல்லை ஊரில் இது வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

எங்கள் ஊர் பெங்களூரு நகர மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் தெற்கே கொஞ்ச தூரம் போனால் தளி. அது கிருஷ்ணகிரி மாவட்டம். கிழக்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜூவாடி, அப்புறம் ஓசூர். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது ஓசூர்ப் பக்கம் அப்போதைய மெட்ராஸ் மாநிலத்தோடு நின்றது, ஆனேக்கல் மைசூரோடு நின்றது. கோடு போட்டார்களே தவிர, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு அப்படியே கலந்துதான் இருந்தது. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற குடும்பங்கள் ஏராளம். ஆனேக்கல்லில் பட்டுத் தறி ஓடும் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். அந்த 15 சதவீதத்தில் எத்தனை பேர் வீட்டில் அம்மாவோடு தமிழ், அப்பாவோடு தெலுங்கு, தெருவில் கன்னடம் என்று வாழ்கிறார்கள் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

கரகத்தைப் பாருங்கள். பெங்களூருவின் அடையாளத் திருவிழா எது என்று கேட்டால், திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து சித்திரா பௌர்ணமி இரவில் புறப்படும் கரகத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஆனேக்கல்லிலும் கரகம் உண்டு. அதை எடுப்பது திகளர் சமூகம். தோட்டத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். தமிழ்ப் பகுதியிலிருந்து சில நூறு வருஷங்களுக்கு முன் வந்தவர்கள் என்பதுதான் அவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. கரகத்தின் நாயகி திரௌபதி அம்மன். செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தெய்வத்தை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்றைக்கு அந்தச் சமூகத்து இளைஞரிடம் போய் நீங்கள் தமிழரா என்று கேட்டால் அவருக்கு அது அர்த்தமில்லாத கேள்வி. அவர் இந்த ஊர்க்காரர், கன்னடிகர். அவ்வளவுதான். வந்தவர்களின் விழாவே ஊரின் விழாவாகிவிட்டது. யாரும் சட்டம் போட்டு அதைச் செய்யவில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் 2025 மே மாதம் அந்த வங்கிச் சண்டை நடந்தது. சந்தாபுராவில், சூர்யா நகர் ஸ்டேட் வங்கிக் கிளையில், கன்னடத்தில் பேசுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். மேலாளர், இது இந்தியா, நான் இந்தியில்தான் பேசுவேன், கன்னடம் பேசவே மாட்டேன் என்கிறார். வீடியோ ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. முதல்வர் சித்தராமையா கண்டித்தார். மேலாளர் இடமாற்றப்பட்டார், வங்கி வருத்தம் தெரிவித்தது, அவரும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. அதில் என் கட்சி தெளிவானது: கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் இறங்கி வரவேண்டும். முதியோர் பென்ஷன் எடுக்க வருகிற பாட்டிக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும் என்றால், அவர் மொழியில் நாலு வார்த்தை பேசுவது சம்பளம் வாங்குகிறவரின் வேலையில் சேர்த்தி. தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையே இல்லை. பேசமாட்டேன் என்றதுதான் கொள்ளி வைத்தது.

ஆனால் அந்த ஒரு வாரம் முடிவதற்குள் டீக்கடைப் பேச்சு எங்கே போய் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். மேலாளரை விட்டுவிட்டார்கள். "இந்த இந்திக்காரனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று ஆரம்பித்து, பொம்மசந்திரா கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற ஒடிசா பையன்கள்மேல், ஜிகினியில் கட்டட வேலை செய்கிற பீகார்க்காரர்கள்மேல் போய் முடிந்தது. அவர்களில் ஒருவன் கடை ஓரமாக நின்று பன் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதிகாரத்தில் இருப்பவரிடம் உன் கடமையைச் செய் என்று கேட்பதும், தினக்கூலிக்காரனிடம் உன் வாயைத் திற, எந்த மொழி வருகிறது பார்க்கலாம் என்பதும் ஒன்றே என்று நினைக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்போம் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்த சில நாளிலேயே கமல்ஹாசன் விவகாரம் வந்தது. மே 24, சென்னையில் 'தக் லைஃப்' பட விழா. மேடைக்கு முன்னால் கன்னட நடிகர் சிவராஜ்குமார் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குடும்பம் என்று அன்போடு சொல்லிக்கொண்டே, கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல் பேசிவிட்டார். கர்நாடகத்தில் கொதிப்பு. கர்நாடக உயர்நீதிமன்றம் மன்னிப்பைப் பற்றிக் கேட்டது. ஜூன் 5-ஆம் தேதி படம் மற்ற இடங்களில் வந்தது, இங்கே வரவில்லை. ஜூன் 17-இல் உச்சநீதிமன்றம், கும்பலின் மிரட்டலுக்காகப் படத்தைத் தடுக்க முடியாது என்றது.

மொழியியல் படித்தவர்கள் சொல்வது, தமிழும் கன்னடமும் ஒரு பழைய தென்திராவிட மூலத்திலிருந்து பிரிந்தவை, அக்கா தங்கை உறவு என்பது. 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியபோதே இவற்றை ஒரு குடும்பமாகத்தான் வைத்தார். அந்தக் குடும்பத்தில் நாங்கள்தான் தாய் என்று நம் மேடைகளில் பேசிப்பேசி, கேட்டுக் கைதட்டி, நமக்கு அது சாதாரணமாகிவிட்டது. மொழிக் குடும்பத்தை ரத்தக் குடும்பமாகவும், ரத்தத்தைப் பெருமையாகவும் மாற்றுகிற வேலையும் கால்டுவெல்லுக்குப் பின் நிறைய நடந்தது. 1901 கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை அளந்தே இந்தியாவின் இனங்களையும் சாதிகளையும் வரிசைப்படுத்திவிடலாம் என்று நம்பினார். அந்த அளவுகோலை அறிவியல் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. நம் வாய் மட்டும் இன்னும் போடவில்லை. "மூக்கும் முழியுமா பாத்தா நம்மாளு மாதிரி இல்லையே" என்பது இன்றும் காதில் விழுகிற பேச்சு.

மேடையில் பேசிய கமலுக்குச் சில கோடி நஷ்டம். அந்த இரண்டு வாரம் ஆனேக்கல்லில் தமிழ்ப் பாட்டு போடுகிற ஆட்டோக்காரர் வால்யூமைக் குறைத்துக்கொண்டார். என் மகள் வயதுப் பெண்கள் காலேஜ் பஸ்ஸில் வீட்டுக்குப் போன் பேசும்போது கன்னடத்துக்கு மாறினார்கள். இதற்கெல்லாம் எந்தக் கணக்கும் கிடையாது.

அரசியல்வாதிகளின் பேச்சும் இப்படித்தான். 2024 மார்ச்சில் பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்புக்குப் பின், அப்போது ஒன்றிய இணை அமைச்சராக இருந்த ஷோபா கரந்த்லாஜே, தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குண்டு வைக்கிறார்கள் என்று நகரத்பேட்டையில் பேசினார். கடும் எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். பேசியவர் ஒரு பதிவு போட்டு அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். டிஎன் 70 நம்பர் பிளேட்டோடு ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர் எந்தப் பதிவைப் போட்டு வெளியே வருவார்?

நம்பர் பிளேட் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது முகம் மாதிரி. 2016 செப்டம்பர் 5-இல் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள் காவிரித் தண்ணீர் விட உச்சநீதிமன்றம் சொன்னது. 12-ஆம் தேதி அதை 12,000 ஆகக் குறைத்து, நாள்களை நீட்டியது. அன்று பெங்களூரு எரிந்தது. ஒரே பணிமனையில் நாற்பது பஸ்ஸுக்கு மேல் சாம்பலானது. அதற்கு முன்னால், முகநூலில் கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்தான் என்று ஒரு மாணவனைத் தேடிப் பிடித்து அடித்து, மண்டிபோடவைத்து மன்னிப்புக் கேட்கச்சொல்லி வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். எல்லையில் பஸ்கள் நின்றுபோயின. அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாக ஜூஜூவாடி வரை ஜனங்கள் நடந்தார்கள். காவிரிப் பிரச்சினை தலைதூக்கும்போதெல்லாம் நடக்கிற நடை அது.

1991 டிசம்பர் இதைவிடக் கொடியது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். அதே வருஷம் அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை துணி மூடியபடி 18 வருஷம் நின்றது. 2009 ஆகஸ்ட் 9-இல்தான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலை திறப்பு பெரிய செய்தியானது. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஓடிப்போன குடும்பங்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் வீட்டுச் சாமான்களை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த கன்னட அண்டை வீட்டார்களைப் பற்றி எங்கள் தெருவில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் வருகிற மரியாதையை நான் வேறெந்தப் பேச்சிலும் கேட்டதில்லை.

இன்னொரு சம்பவம், ஆனேக்கல் தாலுகாவுக்குள்ளேயே. 2023 செப்டம்பர் 26-இல் பெங்களூரு பந்த், 29-இல் கர்நாடக பந்த். இரண்டுமே காவிரிக்காக. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றன. ஒரு வாரம்தான் போயிருக்கும். அக்டோபர் 7, சனிக்கிழமை சாயங்காலம், அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் குடோனும் தீப்பிடித்தன. லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பற்றிக்கொண்டது. அன்றே 14 பேர் போனார்கள், பிறகு எண்ணிக்கை 17 ஆனது. தர்மபுரி மாவட்டம் அம்மாபேட்டை மாதிரியான கிராமங்களிலிருந்து தீபாவளி விற்பனைக்கு வந்த பிள்ளைகள் அதிகம். படிக்கிற வயசு, லீவில் நாலு காசு பார்க்கலாம் என்று வந்தவர்கள். சித்தராமையா ஐந்து லட்சம் அறிவித்தார், ஸ்டாலின் மூன்று லட்சம் அறிவித்தார். அத்திப்பள்ளி மருத்துவமனை வாசலில் அந்தத் தாய்மார்கள் அழுதது தமிழில். அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் பேசியது கன்னடத்தில். போன வாரம் வரைக்கும் யாருடைய தண்ணீர் என்று தொண்டை கிழியக் கத்திய அதே ரோடு.

பந்த் அன்று தொலைக்காட்சிகள் நாள் முழுக்க எல்லையிலிருந்து நேரலை போட்டன. அந்தப் பிள்ளைகளின் கூலி எவ்வளவு, எங்கே தூங்கினார்கள், குடோனுக்கு எத்தனை வழி என்பதற்கெல்லாம் அத்தனை நேரம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை. தமிழர் என்ற பெயரில் கோபப்படத் தெரிந்த நமக்கு, அந்தத் தமிழர்கள் செத்தபோது அவர்களின் வேலைக்கான பாதுகாப்பைக் கேட்டுக் குரல் கொடுக்கத் தெரியவில்லை. இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வாயைத் திறந்தால் தெரிகிற அடையாளம். நான் கன்னடம் சரளமாகப் பேசுவேன். பிரச்சினை நாளில் வாயை மாற்றிக்கொண்டால் கூட்டத்தில் கரைந்துவிடலாம். முகத்தில் எழுதியிருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் பக்கத்து லேஅவுட்களில் காவல் வேலை பார்க்கிற அசாம் பையன்கள், சந்தாபுரா பியூட்டி பார்லர்களில் இருக்கிற மணிப்பூர், நாகாலாந்துப் பெண்கள். இவர்களில் பலர் இரண்டு வருஷத்தில் பேசக் கற்றுக்கொள்ளும் கன்னடத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஆனாலும் அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, நீ நேபாளியா, சீனாவா என்பது. 2012 ஆகஸ்ட்டில் அசாமின் கோக்ராஜார் கலவரத்தை ஒட்டி, ரம்ஜானுக்குப் பிறகு வடகிழக்கு ஆட்களைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் பரவியது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய சில நாட்களில் பெங்களூரு ரயில் நிலையத்திலிருந்து கௌஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று, ஆயிரமாயிரமாய்ப் போனார்கள். மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ் ஒரு ஆளுக்கு ஐந்துதான் என்று அரசு இரண்டு வாரத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. சுதந்திர தினத்தில் சொந்த நாட்டுக்குள்ளேயே தப்பி ஓடிய ஜனங்கள். வதந்தி எப்படி அத்தனை சுலபமாக நம்பப்பட்டது? தினமும் தெருவில் கேட்கிற சின்னச் சின்ன ஏளனங்கள் அதற்கு முன்பே அந்த நம்பிக்கையைத் தயார் செய்து வைத்திருந்தன என்றுதான் நான் நினைக்கிறேன்.

2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாசலத்து மாணவர் நிடோ தனியாவின் தலைமுடியைக் கிண்டல் செய்தார்கள். சண்டையானது, அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகு அமைந்த பெஸ்பரூவா குழு, இன ரீதியான இழிவுபடுத்தலுக்குத் தனியாகச் சட்டப் பிரிவு வேண்டும் என்றது. அது வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவில், இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ மேலோ சேர்ந்து கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று இருக்கிறது. கொன்ற பிறகு வருகிற சட்டம் அது. தலைமுடியைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் எந்தப் பிரிவும் நிற்பதில்லை, நாமும் நிற்பதில்லை.

நாம் என்றால் தமிழர்களையும் சேர்த்துத்தான். இங்கே நம்மைக் "கொங்கா" என்று யாராவது சொன்னால் உடம்பெல்லாம் எரிகிறது. ஊருக்குப் போய் இறங்கினால் நம் சொந்தக்காரப் பையன்கள் "வடக்கன்" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். திருப்பூர் பின்னலாடை, ஓசூர் தொழிற்சாலை, சென்னை மெட்ரோ வேலை என்று எல்லாவற்றுக்கும் அந்த உழைப்பு வேண்டும். ரயிலில் உட்கார இடம் மட்டும் கொடுக்க மனசில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. வதந்தி என்று தெரிந்தது. அதற்குள் நிறையப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். வீடியோ பொய்தான். அந்தப் பொய்யை நம்பும்படியான பயம் அவர்களுக்கு ஏன் இருந்தது என்று 1991-ஐப் பார்த்த தமிழனாவது யோசிக்க வேண்டாமா? ஜூஜூவாடிக்கு நடந்த கால்களுக்கு அந்த வலி தெரியுமே.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் லேஅவுட் சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது: வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வருகிற வடகிழக்கு, மேற்கு வங்காள ஆட்கள் மட்டும் ஆதார் நகலும் போட்டோவும் ஆபீசில் கொடுக்கவேண்டுமாம், காலையில் கேட்டில் கையெழுத்து போடவேண்டுமாம். பாதுகாப்புக்காக என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் உயர்ந்துகொண்டே இருக்கின்றன. உயர்த்தியவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். அவர்களில் இரண்டு பேரின் அப்பாக்கள் 1991-இல் ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் ஒளிந்திருந்தவர்கள்.

செயலாளர் நல்ல மனிதர், கன்னட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பதிவு வேண்டுமென்றால் எல்லாருக்கும் வைக்கலாம். ஆனேக்கல் அக்காவும் தர்மபுரி அண்ணனும் அசாம் தம்பியும் ஒரே நோட்டில் கையெழுத்து போடட்டும். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்றேன். "நீவு ஹேளோது சரி" (நீங்கள் சொல்வது சரி) என்றார், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு. ஆனால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்களே என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம். அந்த இரண்டு தமிழர்களின் வீட்டுக்கும் அதற்கு முன்னால் போய்ப் பேசப்போகிறேன், அவர்களின் அப்பாக்களும் உடன் இருக்கும் நேரமாகப் பார்த்து. காவலுக்கு இருக்கிற தம்பியையும் கூட்டத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கன்னடம் நன்றாகவே வரும்.